கூறுடன் கொணர்வானும்: சகலைக்கு ஒரு மறுப்பு

அன்புள்ள சகலை அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கும் அனைவரும் நலம் என்று உங்கள் மனைவி என் மனைவியிடம் சொல்லி, என் மனைவி என்னிடம் சொன்னாள். இரண்டு கை மாறி வந்த செய்தி என்பதால் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் நலமாகவே இருப்பீர்கள். உங்களுக்கு நலமில்லாமல் போய் நான் பார்த்ததில்லை.

இதை ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்று யோசிப்பீர்கள். மின்னஞ்சலில் எழுதினால் பாதி படித்துவிட்டு ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிடுவீர்கள். போனில் சொன்னால் "அண்ணே, வண்டி ஓட்டிக்கிட்டிருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்பீர்கள். என் போன் வரும்போதெல்லாம் நீங்கள் வண்டி ஓட்டியிருந்தால் இந்நேரம் நிலம் முடிந்து கடல் வந்திருக்க வேண்டும். காகிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது. முழுவதையும் படித்துத்தான் ஆக வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் உருவாக்கிய 'கூறு' என்னும் தமிழ்க் கணினி மொழியோடு, நான் உருவாக்கிய 'கொணர்வான்' என்னும் நிறுவியையும் ஒரே பெட்டியாகச் சேர்த்து வெளியிடலாம் என்று நீங்கள் அனுப்பிய முன்மொழிவு கிடைத்தது. என் சம்மதம் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். சம்மதம் இல்லை. இதோடு கடிதத்தை முடித்துக்கொள்ளலாம். ஆனால் காரணம் சொல்லாமல் மறுத்தால், "அண்ணனுக்கு எப்பப் பாத்தாலும் ஒரு கோவம்" என்று குடும்பத்துக்குள் கதை கட்டிவிடுவீர்கள். ஆகவே காரணங்களை எழுதுகிறேன். உங்கள் மனைவியும் படிப்பாள் என்பதால் அவளுக்கும் விளங்கும்படி எழுதுகிறேன்.

கூறு தனியாக வந்தால் கூட்டும், கழிக்கும், சொன்னதைத் திருப்பிச் சொல்லும். அவ்வளவுதான். படம் வரைய வேண்டும், அட்டவணை போட வேண்டும், தேதி பார்க்க வேண்டும் என்றால் ஊரெல்லாம் உள்ள ஆர்வலர்கள் எழுதிவைத்திருக்கும் துணைநிரல் பொதிகள் தேவை. அந்தப் பொதிகளை இருக்கும் இடத்திலிருந்து எடுத்து வந்து, கணினிக்குள் அதனதன் இடத்தில் உட்காரவைப்பவன் கொணர்வான். அதாவது நீங்கள் வீடு கட்டினீர்கள். அதற்குள் தண்ணீரும் விளக்கும் நாற்காலியும் வந்து சேர வழி செய்தவன் நான். வீடு பார்க்க வருகிறவர்கள் சுவரைத்தான் தட்டிப் பார்த்துப் புகழ்கிறார்கள். வார இதழில் உங்கள் பேட்டி வந்தபோது நாம் இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படத்தைத்தான் கொடுத்தீர்கள். அச்சில் என் பங்குக்கு ஒரு முழங்கை வந்திருந்தது. நம் மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை பக்கத்துல இருக்கறது என்ன, நாற்காலிப் பிடியா?" என்று கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள். சரி, அவருக்குக் கண் மங்கல். உங்களுக்கு என்ன மங்கல்?

பெயர் விஷயமும் இருக்கிறது. கொண்டுவந்து தருபவன் என்ற பொருளில் கொணர்வான் என்று வைத்தேன். பெயர்ச்சொல். அது வினைமுற்றுப் போலவும் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாதா? நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டு, இணையம் கொஞ்சம் தாமதமான ஒரு நாளில், கூறுக்காக நாம் கூட்டிய குழுவினர் அத்தனை பேர் முன்னாலும், "கொணர்வான் கொணர்வான்னு சொல்றீங்களேண்ணே, எப்ப கொணர்வான்?" என்று கேட்டீர்கள். கூட்டம் சிரித்து ஓய்வதற்குள் பொதி இறங்கிவிட்டது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. நான் பதிலுக்கு, கூறு கெட்டுப் போனால் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மூத்த சகலை என்ற பொறுப்பு தடுத்தது.

அப்படிப்பட்ட நீங்கள் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பை நிறைய ஆப்பிளோடு என் வீட்டு வாசலில் நின்றீர்கள். அப்போதே எனக்கு மனசு சரியில்லை. காரியமில்லாமல் நீங்கள் வந்ததே இல்லை. வந்தாலும் வெறுங்கையோடுதான் வந்திருக்கிறீர்கள். உள்ளே நுழைந்ததும் கூடத்துச் சுவரைப் பார்த்து, "பெயின்ட் அடிச்சீங்களாண்ணே, பளிச்சுன்னு இருக்கு" என்றீர்கள். அந்தச் சுவருக்குப் பெயின்ட் அடித்தது உங்கள் கல்யாணத்துக்கு முன்னால். பிறகு என் உடம்பு இளைத்திருப்பதாகச் சொன்னீர்கள். என் சட்டைப் பொத்தான்கள் அன்று என்ன பாடுபட்டுக்கொண்டிருந்தன என்பது எனக்குத்தான் தெரியும். அப்புறம் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "அண்ணே, கொணர்வானைத் தனியா வச்சுக்கிட்டு ஏன் கஷ்டப்படறீங்க? கூறோட சேத்துருவோம். எல்லார் வீட்டுக்கும் போகும்" என்றீர்கள். நான் கஷ்டப்படுவதாக உங்களிடம் யார் சொன்னது? என் மனைவி சொல்லியிருந்தால் அதையும் எழுதி அனுப்புங்கள்.

நீங்கள் போன பிறகு முன்மொழிவை நிதானமாகப் படித்தேன். "கூறுடன் கொணர்வானும் வரும்" என்று எழுதியிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல வாக்கியம். ஆனால் கொணர்வான் என்ற சொல்லின் வாலில் ஓர் 'உம்' ஒட்டியிருக்கிறது பாருங்கள். அந்த உம்மை எதற்கு? மாப்பிள்ளை வந்தார், கூட இவரும் வந்தார் என்று சொல்லும்போது போடுகிற உம் அது. அதை என் வாழ்நாளில் நிறையக் கேட்டிருக்கிறேன். 'வரும்' என்பது அதைவிட மோசம். கொணர்வான் ஆண்பால். வருவான் என்று இருக்க வேண்டும். ஒரே வாக்கியத்தில் அவனைக் கூட வந்தவனாகவும் ஆக்கி, அஃறிணையாகவும் ஆக்கிவிட்டீர்கள். கவனக்குறைவு என்பீர்கள். கூறு மொழியில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் பிழை காட்டும்படி செய்தவருக்குக் கவனக்குறைவு வருமா என்பதே என் சந்தேகம்.

கொணர்வானிடம் என்ன குறை கண்டீர்கள்? குறை என்று நீங்கள் எல்லோரும் சொல்வது ஒன்றே ஒன்று. வேலையைத் தொடங்குமுன் அவன் 'நிறுவட்டுமா?' என்று கேட்பான். கேட்டுவிட்டு, ஆம் அல்லது இல்லை என்று விடை எழுதச் சொல்வான். 'ஆம்' என்று எழுதினால் நிறுவுவான். வேறு எதை எழுதினாலும் 'புரியவில்லை' என்பான். இதில் என்ன தவறு? ஒருவர் வீட்டுக்குள் நுழைகிறவன் கேட்டுவிட்டு நுழைவது மரியாதை இல்லையா? ஆனால் நம் ஜனங்கள் இருக்கிறார்களே, இரண்டு விடையையும் கண்ணெதிரே எழுதிக் காட்டினாலும் மூன்றாவதாகத்தான் ஒன்றைச் சொல்வார்கள். 'ஆமா' என்பார்கள். 'சரி' என்பார்கள். 'தாராளமா' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'அதுக்குத்தானே வந்தேன்' என்று ஒருவர். 'உங்க இஷ்டம்' என்று ஒருவர். 'வீட்ல கேட்டுச் சொல்றேன்' என்று எழுதிவிட்டு நிஜமாகவே எழுந்து போய்க் கேட்டுவிட்டு வந்தவரும் உண்டு. இவற்றில் எதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது? 'சரி' என்பதற்கு, நீ பேசி முடித்துவிட்டாய் என்று தெரிகிறது என்பதற்கு மேல் நம் இரண்டு வீட்டிலும் பொருள் இருந்ததில்லை. என் மனைவி 'சரிங்க' என்று சொன்ன எந்தக் காரியமும் இந்த வீட்டில் நடந்ததில்லை. ஆகவே 'ஆம்'. ஒரே சொல். ஐயத்துக்கு இடமில்லாத சொல்.

புரியவில்லை என்று அவன் சொன்னதும் அவர்கள் எனக்குப் போன் செய்வார்கள். கொணர்வானை இறக்கிக்கொள்ளும் பக்கத்தின் அடியில் என் எண் இருக்கிறது.

"சார், உங்க ஆளு புரியலைங்கறான்."

"என்ன எழுதினீங்க?"

"ஆமான்னு எழுதினேன்."

"ஆமா இல்லைங்க. ஆம்."

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

"பேசும்போது ஒண்ணு. எழுதும்போது வேற."

"அப்ப பேசற மாதிரி ஒருத்தனைச் செஞ்சு குடுங்களேன்."

இப்படி ஆரம்பிக்கும். நான் கோபப்படுவதில்லை. எழுத்து எழுத்தாகச் சொல்லித்தருவேன். அப்படியே அவர் என்ன வேலை செய்கிறார், கூறு எதற்கு, எந்தப் பொதி தேவை என்று பேச்சு வளரும். வைக்கும்போது "ரொம்ப நன்றி, கொணர்வான் சார்" என்பார்கள். என் பெயரை யாரும் கேட்பதில்லை. என் மனைவி மேசையைத் துடைத்துக்கொண்டே, "எங்கிட்டப் பேசறப்ப இந்தப் பொறுமையை எங்க கழட்டி வச்சுட்டு வர்றீங்க?" என்று கேட்பாள். தொந்தரவுதான் என்பேன். தொந்தரவுதான். ஆனால் சகலை, என்னைத் தேடி வருகிற தொந்தரவு இந்த உலகத்தில் அது ஒன்றுதான்.

இந்த இடத்தில் நீங்கள் உதட்டைப் பிதுக்குவீர்கள். ஆகவே இதுவரை உங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் கம்பெனி தண்ணீர் பம்பு விற்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். நான் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "காத்து வராதாண்ணே?" என்று ஒரு முறை கேட்டீர்கள். அங்கே எப்படிப் போனேன் என்று கேட்கவில்லை. முன்பு அழுத்தமானிப் பிரிவு என்று தனியாக ஒரு கவுண்டர் இருந்தது. நான்தான் பொறுப்பு. பம்பு வாங்கியவர்கள் அடுத்து என்னிடம்தான் வர வேண்டும். குழாய் வேலைக்காரர்கள் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "மூணாவது மாடிக்குத் தண்ணி ஏத்தணும் சார், எந்த மானி போடலாம்?" என்று கேட்பார்கள். நான் நான்கு கேள்வி கேட்டுவிட்டுச் சரியானதை எடுத்துக் கொடுப்பேன். ஒரு நாள் புது மேலாளருக்கு ஒரு யோசனை வந்தது. மானியைப் பம்புப் பெட்டிக்குள்ளேயே போட்டு இணைத்து விற்கலாம் என்றார். என் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்க பொருள் இனிமே எல்லார் வீட்டுக்கும் போகுது சார், சந்தோஷப்படுங்க" என்றார். உண்மைதான், எல்லார் வீட்டுக்கும் போனது. என்னிடம்தான் ஒருவரும் வரவில்லை. கவுண்டரை அடைத்துப் பெயின்ட் அடித்தார்கள். என் நாற்காலி மாடிப்படிக்குக் கீழே போனது. இப்போது பழுதாகித் திரும்பி வரும் பெட்டிகளின் வரிசை எண்ணைப் பார்த்துப் பதிகிறேன். படியேறுகிறவர்களின் செருப்பு எனக்குத் தெரியும், முகம் தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளை மேசையில் வைத்துவிட்டு நீங்கள் சொன்னீர்களே, "எல்லார் வீட்டுக்கும் போகும்" என்று, அது அந்த மேலாளர் வாயிலிருந்து வந்த அதே வாக்கியம். எங்கே பிடித்தீர்கள் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, அதே ஞாயிறு மாலை நடந்த கூட்டம். முன்மொழிவை விவாதிக்க நம் குழுவை நீங்கள் எங்கே கூட்டினீர்கள்? பல் வைத்தியரின் கிளினிக்கில். அவர் குழுவில் ஒருவர், நிரல் எழுதத் தெரிந்தவர், ஞாயிறு மாலை இடம் காலியாக இருக்கும் என்று சொன்னார் என்றீர்கள். போய்ப் பார்த்தால் காத்திருக்கும் அறை நிரம்பி வழிந்தது. ஒவ்வொருவரும் ஒரு கன்னத்தை ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நமக்குக் கிடைத்த நாற்காலிகள் அவர்களுக்கு நடுவே. யார் உறுப்பினர், யார் நோயாளி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வைத்தியர் உள்ளே ஒருவருக்கு ஊசி போட்டுவிட்டு, மரத்துப்போவதற்குள் வெளியே வந்து ஒரு கருத்துச் சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போவார். என் முறை வந்தது. எழுந்து நின்று, சேர்த்துக் கட்டுவதால் வரும் தீமைகளை விளக்க ஆரம்பித்தேன். நான் முதல் தீமையை முடிப்பதற்குள் உள்ளிருந்து ஓர் அலறல் வந்தது. அதற்குப் பிறகு எந்தத் தீமையைச் சொன்னாலும் எடுபடவில்லை.

பிறகு நீங்கள் எழுந்து, "என்னப்பா, சேத்துடலாமா?" என்று கேட்டீர்கள். அதுவா ஒரு குழுவின் முன் தீர்மானம் வைக்கும் முறை? அறை முழுவதும் 'ம்' என்றது. நான் ஆட்சேபித்தேன். எனக்குப் பக்கத்தில் சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒருவர் மற்ற எல்லோரையும் விட அழுத்தமாக 'ம்' என்றார். "நீங்க எந்த அடிப்படையில ஆதரிக்கிறீங்க?" என்று அவரிடம் கேட்டேன். அதற்கும் 'ம்' என்றார். "கொணர்வானைப் பயன்படுத்தியிருக்கீங்களா?" 'ம்.' "எந்தப் பொதி?" 'ம்.' அப்புறம்தான் பார்த்தேன், அவர் வாய் நிறையப் பஞ்சு. பல் பிடுங்கிவிட்டு ரத்தம் நிற்பதற்காக உட்கார்ந்திருக்கிறார். அவருடைய 'ம்' கணக்கில் சேரக் கூடாது என்று சொன்னேன். வைத்தியர் கதவிடுக்கில் தலையை நீட்டி, "பஞ்சு வச்சப்புறம் யாரும் 'ஆம்'னு சொல்ல முடியாதுங்க. இந்த 'ம்'மை நம்பித்தான் நான் தொழிலே பண்றேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், சிரிக்க முடிந்தவர்கள். நீங்கள் என் தோளில் கை போட்டு, "விடுங்கண்ணே, ஏகமனதா முடிஞ்சிருச்சு" என்றீர்கள். என் மனது அந்த ஏகத்தில் எங்கே இருந்தது என்று யாரும் தேடவில்லை.

இவ்வளவும் நடந்த பிறகும் நான் நியாயமாகவே நடந்துகொண்டேன். நீங்கள் அனுப்பிய சோதனைப் பதிப்பை என் கணினியில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு சொல்வோம் என்றுதான் நினைத்தேன். கூறு இறங்கியது. அதன் முதுகில் ஏறிக்கொண்டு கொணர்வானும் வந்தான். 'நிறுவட்டுமா?' என்று அவன் கேட்கவே இல்லை. தானாக உட்கார்ந்தான். கேட்டுவிட்டு நுழைய வேண்டும் என்று நான் வளர்த்த பிள்ளை அவன்! பிறகுதான் என் கணினியில் ஏற்கெனவே ஒரு கொணர்வான் இருப்பதை அவன் பார்த்தான். அது நான் போன வாரம்வரை திருத்தித் திருத்திச் செம்மைப்படுத்திய புதிய கொணர்வான். நீங்கள் பெட்டிக்குள் வைத்து அனுப்பியது போன வருடத்தவன். பழையவன் புதியவனைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்கிறான்: 'வேறொரு கொணர்வான் இங்கே இருக்கிறான். அவனை நீக்கச் சம்மதிக்கிறீர்களா?'

நானே வகுத்த 'இல்லை' என்ற விடை அந்தப் பதற்றத்தில் எனக்கே மறந்துவிட்டது. 'மாட்டேன்' என்று எழுதினேன்.

'நன்றி. நீக்கப்படுகிறது' என்றான்.

உடனே 'முடியாது' என்று எழுதினேன்.

'உறுதிசெய்தமைக்கு நன்றி' என்றான்.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பகல் முழுவதும் போயிற்று. 'ம்' என்று எழுதினாலும் சம்மதமாக எடுத்துக்கொள்ளட்டும் என்று உங்கள் பல் வைத்தியர் கொணர்வானுக்குள் கை வைத்திருக்கிறார். வைத்தவர் முழுச் சொல்லையும் பார்க்கும்படி எழுதியிருக்கக் கூடாதா? முதல் எழுத்து ம வரிசையா என்று மட்டும் பார்க்கிறது. 'ம்' என்றாலும் சம்மதம், 'மா' என்றாலும் சம்மதம், 'மு' என்றாலும் சம்மதம். யோசித்துப் பாருங்கள் சகலை. ஒரு தமிழன் தன்மானத்தோடு மறுப்பதற்கு இருக்கும் இரண்டே சொற்கள் மாட்டேன், முடியாது. இரண்டையும் சம்மதத்தில் சேர்த்துவிட்டீர்கள். இனி இந்த மொழியில் யாரும் எதையும் மறுக்கவே முடியாது! அந்த நேரத்தில் நான் மேலே ஒன்றும் பார்க்கவில்லை. ஓடிக்கொண்டிருந்ததை முடியவிடாமல் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். அதற்குள் என் கொணர்வான் போய்விட்டான். நகல் இருக்கிறது என்பது வேறு விஷயம். என் வீட்டில், என் மேசையில், என் கையாலேயே என்னை நீக்கவைத்தீர்களே, அதுதான் விஷயம்.

சத்தம் கேட்டு என் மனைவி வந்தாள். நடந்ததைச் சொன்னேன். திரையைப் பார்த்துவிட்டு, "மாட்டேன்னு சொன்னாலும் நடக்குதா? இதை முன்னாடியே கண்டுபிடிச்சிருக்கலாமே" என்றாள். பிறகு தன் தங்கைக்குப் போன் செய்யப் போனாள். அக்காவும் தங்கையும் அன்று வெகுநேரம் சிரித்தார்கள். ஆகவே உங்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது.

முடிவாக எழுதுகிறேன். கூறுடன் கொணர்வானைச் சேர்த்து வெளியிட எனக்குச் சம்மதம் இல்லை. இன்றும் இல்லை, நாளையும் இல்லை. அவன் தனியாகவே இருப்பான். தேவையானவர்கள் தேடி வந்து, கேட்டு, 'ஆம்' என்று சொல்லி வாங்கிக்கொள்ளட்டும். என்னை மீறிச் சேர்த்தால் குழுவிலிருந்து விலகுவேன். மாமனார் வீட்டு விசேஷங்களுக்கு வருவேன், ஆனால் உங்களுக்கு எதிர் வரிசையில் உட்காருவேன். ஆப்பிள்கள் நன்றாகத்தான் இருந்தன. அதனால் முடிவு மாறாது.

உங்களுக்கும் மைத்துனிக்கும் பிள்ளைகளுக்கும் எல்லா நன்மையும் சேரட்டும். கேட்டு, சம்மதம் வாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சேரட்டும். பெரியவளைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போகச் சொன்னேன், மறந்திருப்பீர்கள். மாமனாருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். யார் வணக்கம் என்று கேட்டால் முழங்கை என்று சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த சகலை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் போன் வந்தது. தையல்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள். பல் வைத்தியரிடம் வைத்தியத்துக்குப் போன இடத்தில் சோதனைப் பதிப்பை வாங்கிப் போட்டிருக்கிறார். "சார், கொணர்வான் சாருங்களா? எல்லாம் தானாவே வந்து உக்காந்துருச்சு. ஒண்ணுமே கேக்கலை" என்றார். அதுதான் வந்துவிட்டதே, பிறகு எதற்கம்மா எனக்குப் போன் என்று கேட்டேன். கொஞ்சம் கடுப்பாகத்தான் கேட்டேன். "வந்துருச்சு சார். வந்ததை வச்சு என்ன பண்றதுன்னுதானே தெரியலை" என்றார். சட்டைக் கைக்குத் துணி வெட்டும் அளவைக் கணினியிலேயே வரைந்து பார்க்க வேண்டுமாம். எந்தப் பொதி என்று சொன்னேன். தோள்பட்டையில் ஏன் வளைக்க வேண்டும் என்று நான் கேட்டேன். அவர் சொன்னார். அதை எப்படிக் கூறில் எழுதுவது என்று நான் சொன்னேன். பிறகு பேச்சு காலருக்குப் போயிற்று. இதற்குமுன் 'ஆம்' என்று எழுதச் சொல்வதிலேயே போன் பேச்சில் பாதி கழிந்துவிடும். அதைத் தாண்டி இவ்வளவு தூரம் என்னோடு வந்தவர் இவர்தான். பேசி முடிக்கும்போது என் மனைவி சாப்பாட்டை மூடிவைத்துவிட்டுத் தூங்கப் போயிருந்தாள்.

என் எண் எப்படிக் கிடைத்தது என்று கடைசியில் கேட்டேன். "அதான் பெட்டியிலேயே இருக்கே சார், எல்லாம் முடிஞ்சதும் திரையில வருது" என்றார். உடனே நானும் மறுபடி போட்டு, இந்த முறை பிளக்கைத் தொடாமல் கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். வந்தது. 'கொணர்வானை உருவாக்கியவர் எங்கள் அண்ணன். சந்தேகம் என்றால் இவரைத்தான் கேட்க வேண்டும்' என்று எழுதி, கீழே என் எண். ஆக, அவனை மட்டுமல்ல, என்னையும் கேட்காமலே உள்ளே வைத்துக் கட்டியிருக்கிறீர்கள். சந்தேகம் என்ற சொல்லை எந்தப் பொருளில் போட்டீர்கள், மரியாதையாகவா குத்தலாகவா என்பதை எவ்வளவு யோசித்தும் என்னால் முடிவுசெய்ய முடியவில்லை. அந்தத் தையல்கார அம்மாளும் நீங்கள் ஏவிவிட்ட ஆளாக இருக்கலாம். இருந்தால் அவரை மறுபடியும் ஏவவும், காலர் பற்றிப் பாதியில் நிற்கிறது.

சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே எழுதியதை அடிக்க மனமில்லை, கையெழுத்து நன்றாக வந்திருக்கிறது. வைத்தியர் எழுதிய அந்த ம வரிசையை மட்டும் நானே வந்து திருத்துகிறேன், அவரைத் தொடவிட வேண்டாம். 'வரும்' என்பதை 'வருவான்' என்று மாற்றவும். அப்புறம், திரையில் என் கைபேசி எண் மட்டும்தான் இருக்கிறது. வேலை நேரத்தில் மாடிப்படிக்குக் கீழே அது சரியாக எடுக்காது. கம்பெனி எண்ணையும் சேர்க்கவும். நேரடி எண்தான், மணி அடித்தால் நான்தான் எடுப்பேன்.